அவைக்குறிப்பில் ஓர் இஸ்திரிப்பெட்டி

பாண்டித்துரை எழுதிய மனுவுக்குக் கல்லும் கரையும் என்று துபாய் சத்வா வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே பாண்டித்துரைதான் என்று அவருடைய முதலாளி நெய்னா முகம்மது சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஆனால் மனு எழுதவேண்டும் என்று யாராவது வந்து நின்றால், உள்ளே பாண்டி இருக்கிறார் போங்கள் என்று கைகாட்டுவதும் அவரேதான்.

கடை ஒரு டைப்பிங் சென்டர். விசா, அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம் என்று துபாயில் ஒரு மனுஷன் மூச்சுவிடுவதற்குத் தேவையான அத்தனை விண்ணப்பத்தையும் அரபியில் அடித்துக் கொடுக்கிற இடம். பாண்டித்துரை சிவகங்கைப் பக்கத்து ஆள். பதினேழு வருஷமாக அதே நாற்காலி, அதே ஏசிக் காற்று, அதே கழுத்துவலி. அரபியில் அடிப்பது சோற்றுக்கு. தமிழில் மனு எழுதுவதுதான் அவருக்கு உயிர். தூதரகத்துக்கு, கலெக்டருக்கு, ஊரிலுள்ள எம்.பி.க்கு என்று யாருக்கு வேண்டுமானாலும் எழுதுவார்.

அந்த மனுக்களில் ஒரு கைப்பக்குவம் இருந்தது. வந்தவர் சொன்னதை மட்டும் எழுதினால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது பாண்டித்துரை கண்ட உண்மை. அதனால் சில வரிகளைக் கையிருப்பாக வைத்திருந்தார். தொழிலாளர் கேம்ப் ஆட்களுக்கு 'அழுதழுது கண்ணீரும் வற்றிவிட்டது'. வீட்டு வேலைப் பெண்களுக்கு 'பூட்டிய அறை', 'மிச்சம் மீதிச் சோறு'. காரியம் ரொம்பவும் பெரிது என்றால் 'இஸ்திரிப்பெட்டியால் சூடு'. எழுதி முடித்ததை வாசித்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, நல்லாயிருக்கணும் அண்ணே என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். பாதி மனுக்கள் பலித்தும்விட்டன. அப்புறம் எப்படி அதில் ஒரு குற்றம் தெரியும்?

அந்த ஆடியில் ஒரு காலை, கடைக்கு வந்த ஒருவர் தன் போனை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினார். டெல்லியில் மாநிலங்களவை. பேசிக்கொண்டிருந்தவர் சேதுபதி. வக்கீலாக இருந்து எம்.பி. ஆனவர். சபையில் சத்தம் போடுகிற ரகமல்ல. வீட்டு வேலைக்காரர்களுக்கான சட்டம், விதவைகளின் ஓய்வூதியம், சிறையில் இருப்பவர்களின் பிள்ளைகள் படிப்பு என்று யாரும் கவனிக்காத மசோதாக்களின் மேல், பாதி நாற்காலி காலியாகிவிட்ட நேரத்தில் எழுந்து பேசுவார். பேசியதையெல்லாம் ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கையோடு வைத்திருப்பார். அவர் வீடியோவை நூறு பேர் பார்த்தாலே அதிகம். இதை நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பற்றிய சட்டத்தில் ஒரு திருத்தம், அதன்மேல் விவாதம். சேதுபதி கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு வாசித்தார். "என் முதுகில் இஸ்திரிப்பெட்டியின் முனை பதிந்த இடத்தில் இன்னும் தோல் வளரவில்லை ஐயா என்று புதுக்கோட்டை மாவட்டத்துச் சகோதரி சுந்தராம்பாள் துபாயிலிருந்து எழுதுகிறார்." சபை அப்படியே அடங்கிப்போனது. நம் பெண்களை அயல்நாட்டு வீட்டு வேலைக்கு அனுப்புவதையே இந்தச் சட்டம் தடை செய்யவேண்டும் என்று அவர் முடித்தபோது, எதிர்வரிசைக்காரர்களும் மேஜையைத் தட்டினார்கள்.

பாண்டித்துரைக்குத் தலைகால் புரியவில்லை. அது அவர் வரி. 'இன்னும் தோல் வளரவில்லை' என்பதை எழுதிவிட்டு அன்றைக்கு அவரே ஒரு டீ வாங்கிக் குடித்தார். இப்போது அது நாட்டின் சபையில் ஏறிவிட்டது. எல்லாருக்கும் கரக் சாயா என்கிற கெட்டி டீ வரவழைத்தார். பதினாலு வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினார். நெய்னா முகம்மது மட்டும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே சூடு வைத்துவிட்டார்களா என்று கேட்டார்.

பாண்டித்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது நம்ம கைவேலை பாய்."

நெய்னா முகம்மது இந்தத் தடவை சிரிக்கவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு பட்டான் டிரைவர் கடைக்குள் வந்து பாண்டித்துரையின் மேஜையில் ஓர் உறையை வைத்தார். வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தியின் விசாவை ரத்து செய்யவேண்டும், ஜல்தியாக அடித்துக் கொடு பாய் என்றார். அடிப்பதற்காகப் பாஸ்போர்ட் நகலைப் பிரித்த பாண்டித்துரைக்கு விரல் நின்றுவிட்டது. சுந்தராம்பாள். புதுக்கோட்டை.

டிரைவர் நல்ல மனுஷன். கேட்டதற்கெல்லாம் இந்தியில் பதில் சொன்னார். ஜுமைராவில் வீடு. வீட்டுப் பெரியம்மாவை உம் சயீத் என்பார்கள், சயீதின் தாயார் என்று அர்த்தம். எழுபத்தைந்து வயது. சுந்தரா பத்தொன்பது வருஷமாக அவர்கூடவே இருக்கிறாள். வீடியோ பரவிய பிறகு அதிகாரிகள் இரண்டு பேர் விசாரணைக்கு வந்தார்கள். கூட வந்த பெண்மணி சுந்தராவின் முதுகைப் பார்த்தார். ஒன்றுமில்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சுந்தரா சொன்னாள். சரி, இந்தக் கடிதத்தில் இருப்பது உன் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். அவ்வளவுதான். அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா அழுதுவிட்டார்.

யாரும் அவளைத் திட்டவில்லை என்றார் டிரைவர். மகன் சயீத், கலாஸ், போதும், டிக்கெட் எடுத்துக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டார். பெரியம்மாவுக்கு மருந்து, சாப்பாடு எல்லாம் இன்னமும் அவள்தான் கொடுக்கிறாள். ஒன்று மட்டும் மாறிவிட்டது. இஸ்திரிப்பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். துணியெல்லாம் இப்போது வெளியே லாண்டரிக்குப் போகிறது. அவளை அதைத் தொடச் சொல்லப் பெரியம்மாவுக்கு வாய் வரவில்லை.

இந்தக் காகிதத்தை அடித்தால் பத்து நிமிஷ வேலை. அதோடு நாற்பத்தெட்டு வயசில் ஒருத்தி, சோறு போட்ட வீட்டின்மேல் பழி சொன்னவள் என்ற பெயரோடு விமானம் ஏறுவாள். பதினேழு வருஷத்தில் முதல்முறையாக, தான் அடித்துக் கொடுக்கிற காகிதம் எங்கே போய் யாரைத் தைக்கிறது என்று அவருக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

போட்டோவின் பின்னணி வெள்ளையாக இல்லை, ஐடி நகல் தெளிவில்லை, இரண்டையும் சரிசெய்துகொண்டு அடுத்த வியாழன் வாருங்கள் என்று டிரைவரிடம் சொன்னார். போட்டோவும் நகலும் பளிச்சென்றுதான் இருந்தன. பொய்யிலிருந்து வெளியேற இன்னொரு பொய்! மனுஷன் பழக்கதோஷத்தை என்ன சொல்வது?

அந்தச் சனிக்கிழமை துபாயின் தேராப் பகுதியில் தமிழ்ச் சங்க விழாவுக்குச் சேதுபதி வருவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். போய்ச் சொல்லிவிடு என்றார் நெய்னா முகம்மது. சொன்னால் இனி யார் என்னிடம் மனு எழுத வருவார்கள் என்று பாண்டித்துரை கேட்டார். யாரும் வரமாட்டார்கள்தான் என்று பாய் ஒப்புக்கொண்டார். ஆறுதலுக்குக்கூட ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

ஹோட்டல் வரவேற்பறையில் சேதுபதி தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எளிய மனிதர். பாண்டித்துரை நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பூட்டிய அறை என்னுடையது, மிச்சச் சோறு என்னுடையது, இஸ்திரிப்பெட்டியும் என்னுடையதுதான் ஐயா என்றார். சேதுபதி கோபப்படவில்லை. அவரை உட்காரச் சொன்னார். பக்கத்திலிருந்த பையைத் திறந்து புது அச்சு வாசனை போகாத ஒரு புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அந்த வருஷத்துப் பேச்சுகள். முதல் பக்கத்திலேயே சுந்தராம்பாள்.

"அவைக்குறிப்புல ஏறினது ஏறினதுதான். அதை அழிக்க முடியாது. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணை ஏத்தலாம், அவ்வளவுதான்," என்றார். புத்தகத்தை மறுபடி பைக்குள் வைத்தார். "உங்களை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. விசாரிக்காத சாட்சியை நான் கோர்ட்டுல நிறுத்தினதே கிடையாது. சபையில நிறுத்திட்டேன். பத்து வருஷமாக் காலி நாற்காலிகிட்டப் பேசிட்டிருந்தவன். அந்தக் கடுதாசியைப் படிச்சப்ப, இதை எல்லாரும் கேப்பாங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் அதைக் கேட்டார். "சரி. அந்த அம்மா உண்மையில என்னதான் கேட்டாங்க?"

பாண்டித்துரை யோசித்துப் பார்த்தார். சுந்தராம்பாள் வந்தது ஞாபகம் இருந்தது. ஊர்ப்பெயர், உட்கார்ந்த நாற்காலி, குடையை மடித்துக் காலடியில் வைத்தது எல்லாம் ஞாபகம் இருந்தது. கால்மணி நேரம் என்னவோ சொன்னாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே இவர் மனசுக்குள் முதல் வரியை ஆரம்பித்துவிட்டார். அவள் கேட்டது என்ன? அது அவர் காதிலேயே ஏறவில்லை. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

தெரியாது ஐயா என்றார். சேதுபதி பேனாவை மூடி வைத்தார். செவ்வாய்க்கிழமை சபை கூடுகிறது, அதற்குள் கேட்டு எழுதி அனுப்புங்கள், அவர் சொன்னதை மட்டும் என்றார்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு, டிரைவரிடம் போனில் விசாரித்துக்கொண்டு, அந்த வீட்டுக்குப் பின்தெருவிலிருந்த பக்காலாவில் பாண்டித்துரை காத்து நின்றார். பக்காலா என்றால் நம் ஊர்ப் பெட்டிக்கடையைவிடக் கொஞ்சம் பெரிய கடை. சுந்தராம்பாள் மோரும் ரொட்டியும் வாங்க வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தார். அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எழுதுறப்ப என் மொகத்தப் பாத்தீகளாண்ணே?" என்று கேட்டாள். "கம்ப்யூட்டரத்தான பாத்தீக."

பாண்டித்துரை தலையைக் குனிந்துகொண்டு, எம்.பி. சபையில் திருத்திச் சொல்லப்போகிறார், அன்றைக்கு நீ கேட்டதை இன்னொரு தடவை சொல் தங்கச்சி என்றார். அவள் ரொட்டிப் பொட்டலத்தைக் கல்லாமேல் வைத்தாள். யோசிக்கவே இல்லை. அன்றைக்குச் சொன்னதை அப்படியே வைத்திருந்திருக்கிறாள்.

"பத்தொம்பது வருசம் ஒரே வீட்டுல வேல பாக்குறேன். அடி ஒதை கெடையாது, சம்பளம் தேதிக்கு வந்துரும். நாளைக்கி முட்டி தேஞ்சு ஊருக்குப் போனா, நான் வேல பாத்தேங்கிறதுக்கு அங்க ஒரு காயிதம் இல்ல. மில்லுல பாத்தவளுக்குப் பென்சன் வருது. எங்களுக்கும் எங்க சம்பளத்துலயே மாசாமாசம் புடிச்சு, கவருமெண்டு ஒரு பென்சனுக்கு வழி பண்ணணும். அம்புட்டுத்தான் கேட்டேன்." அதோடு அவள் விடவில்லை. "அனுப்பாதன்னு நான் எங்கண்ணே சொன்னேன்? எங்க ஊருல நாலு பொம்பளைக இங்க வரக் காயிதம் போட்டு ஒக்காந்திருக்காக. அவுக வயித்துல அடிச்சுட்டீகளே."

பாண்டித்துரை கடை பில்லின் பின்புறத்தில் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். வாழ்க்கையில் முதல் தடவை. கேட்டுக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். 'தயவுகூர்ந்து' என்று நான் சொல்லவில்லையே என்றாள். கை தானாகப் போட்டுவிட்டது அதை. அதைப் பேனாவால் அடித்தார். அவள் தலையாட்டிவிட்டு மோரையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை சேதுபதி அவைத்தலைவரிடம் அனுமதி வாங்கி எழுந்தார். கடையில் பாண்டித்துரையும் நெய்னா முகம்மதுவும் ஒரே போனில் பார்த்தார்கள். முன்பு நான் வாசித்த கடிதத்தில் கொடுமை என்று சொல்லப்பட்ட எதுவும் நடக்கவில்லை, அந்த வீட்டார் அவரை மரியாதையோடு நடத்தியவர்கள், சரிபார்க்காமல் வாசித்தது என் தவறு, அந்தக் குடும்பத்தாரிடமும் சகோதரியிடமும் இந்த அவையில் வருத்தம் தெரிவிக்கிறேன் என்றார். தடை கேட்டதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு, அவர் கேட்டது இதுதான் என்று பில்லின் பின்புறத்தில் இருந்ததை வாசித்தார். மொத்தம் மூன்று நிமிஷம். மேஜையை யாரும் தட்டவில்லை. ஓர் உறுப்பினர் கொட்டாவி விட்டது நன்றாகத் தெரிந்தது. அவைத்தலைவர், குறிப்பில் ஏற்றப்படும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த வீடியோவை இருநூறு பேர் பார்த்தார்கள். பாண்டித்துரை பதினாலு குழுவுக்கும் அனுப்பினார். கூடவே, முதல் கடிதத்தில் சூடு வைத்த கதையைச் சேர்த்தவன் நான்தான் என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். அந்த வரி மட்டும் மளமளவென்று பரவியது.

மறுநாள் காலை அவைக்குறிப்பை இணையத்திலிருந்து இறக்கி அதை அரபியில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். இரண்டு பக்கம். வழக்கமாக அரைமணி நேரத்தில் முடிக்கிற வேலை மத்தியானம்வரை போனது. 'அந்த வீட்டார்' என்ற இடத்தில் 'கருணைக்கடலான' என்று சேர்க்கச் சொல்லி விரல் துறுதுறுத்தது. சேர்த்தால் பெரியம்மா மனம் குளிருமே என்று ஒரு சபலம். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இருப்பதை இருப்பதாகவே அடித்து முடித்தார்.

வியாழக்கிழமை டிரைவர் வந்தார். பாண்டித்துரை ரத்து விண்ணப்பத்தையும் அடித்து எடுத்துக்கொண்டார். அது அந்த வீட்டாரின் உரிமை, அதில் இனியும் விளையாடக்கூடாது. இரண்டையும் ஓர் உறையில் போட்டுக்கொண்டு, நானும் வருகிறேன் பாய் என்று வண்டியில் ஏறினார்.

வீட்டின் வரவேற்பறையான மஜ்லிஸில் உம் சயீத் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகன் சயீத் பக்கத்தில். சுந்தராம்பாள் உள்வாசலில் நின்றாள். சயீத் உறையை வாங்கி, மொழிபெயர்ப்பைத் தாயாருக்கு நிதானமாக வாசித்தார். முடிந்ததும் பெரியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். முதல் கடிதத்தை எழுதியது யார்?

"நான்தான்," என்றார் பாண்டித்துரை அரபியில்.

ஏன் இஸ்திரிப்பெட்டி என்று கேட்டார். அதற்கு நல்ல பதிலாக ஒன்றைச் சொல்ல எத்தனையோ வரிகள் அவரிடம் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, வேறு மனுக்களில் அதை எழுதியபோது காரியம் நடந்தது, அதனால் இதிலும் எழுதினேன், இவர் சொன்னதை நான் கேட்கவே இல்லை என்றார்.

பெரியம்மா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வெளியே போ என்றும் சொல்லவில்லை. மகனிடம் கை நீட்டி ரத்து விண்ணப்பத்தை வாங்கினார். அதை நாலாக மடித்துத் தான் சாய்ந்திருந்த திண்டுக்கு அடியில் செருகினார். பிறகு இடுப்புக் கயிற்றிலிருந்து ஒரு சாவியை அவிழ்த்தார்.

"சுந்தரா," என்று கூப்பிட்டார். நாளைக்குத் தங்கை பேத்தியின் கல்யாணம், லாண்டரிக்காரன் கறுப்புப் பட்டு அங்கியின் கையைச் சுருக்கி வைத்திருக்கிறான், உனக்குத்தான் அது சரியாக வரும் என்றார். அவ்வளவு நாள் பூட்டி வைத்திருந்த அலமாரியின் சாவி அது.

சுந்தராம்பாள் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. பெட்டியை மஜ்லிஸிலேயே சுவரில் சொருகி, கம்பளத்தின்மேல் விரிப்பைப் போட்டுத் துணியை விரித்தாள். சூடு ஏறியதும் தேய்க்க ஆரம்பித்தாள். பட்டு வழுக்கியது. உம் சயீத் மெத்தையிலிருந்து முன்னால் குனிந்து, அவள் தேய்க்கத் தேய்க்க, அங்கிக் கையின் மறுமுனையைத் தன் கையாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.